பத்தாயிரம் அடி யாருக்கு?

முதல் நாளே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவமதிக்கும் எண்ணம் இருக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக வானிலை அவதானியாக இருந்தவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. காற்று, மேகம், வெப்பநிலை, வளியமுக்கம் என்று எண்களை ஒரே மூச்சில், விமானங்களுக்கு வழிசொல்லும் டவருக்குச் சொல்வேன், வைத்துவிடுவேன். அன்று கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

“அண்ணை, நான் இன்னும் திருப்பிச் சொல்லேல்லை” என்றது ஒரு புதிய பெண்குரல், அன்றுதான் டவருக்கு வந்து சேர்ந்த விமானக் கட்டுப்பாட்டாளர்.

எண்களைத் திருப்பிச் சொன்னார். நான் ஓம் என்று வைத்தேன். மறுபடியும் மணி. நான் ஓம் சொன்ன நேரம் அவர் கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கவில்லையாம். மூன்றாம் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். பக்கத்தில் நின்ற தீயணைப்புப் பிரிவுக்காரர், ஒரு நாளைக்கு இரண்டு பிளேன் வருகிற இடத்தில் இந்த ஆட்டம் தேவையா என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. குடாநாட்டின் வட ஓரத்தில், கடலைப் பார்த்தபடி கிடக்கிற சிறிய ஓடுபாதை எங்களுடையது. சென்னையிலிருந்து விசிறி வைத்த விமானம் ஒன்று வரும், திரும்பிப் போகும். சில நாட்களில் வாடகைக்குப் பிடித்த இன்னொன்றும் வரும். மற்ற நேரமெல்லாம் காற்றும், புல் வெட்டும் மெஷினின் சத்தமும், வேலிக்குள் புகுந்துவிட்ட நாய்களும்தான்.

ஆனால் நான் சொல்கிற அமுக்க எண்ணை வைத்துத்தான் விமானி தன்னுடைய உயரமானியைத் திருத்துவார். அதில் பத்துப் பிழைத்தால் முந்நூறு அடி பிழைக்கும். இது எனக்குப் பயிற்சிக் காலத்திலேயே தெரியும். தெரிந்து வைத்திருந்தேனே தவிர, அதற்குப் பயப்பட்டதில்லை. டவரில் இருந்தவர் பயப்பட்டார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு எண்ணுக்கும்.

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். குருநகர்ப் பெண். கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சிலுவை. சிவப்பு ஸ்கூட்டரில் கடமை நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே வந்துவிடுவார். கைத்தொலைபேசியை ஸ்கூட்டர்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டவர்ப் படியில் ஏறுவார். விமானம் இறங்கும்வரை தேநீர் குடிக்கமாட்டார். பாண் துண்டைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிடும்போது யாராவது ஏதாவது கேட்டால், கேட்டவர் முடித்த பிறகும் ஒரு கணம் பொறுத்துத்தான் பதில் சொல்வார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது கர்வமாகப்படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு குரலும் கெட்டுப்போகும், அதனால்தான் அடுத்தவர் உண்மையாகவே முடித்துவிட்டாரா என்று காத்திருக்கிறார் என்பது விளங்க எனக்கு மாதக்கணக்காயிற்று.

ஒரு சனிக்கிழமை குருநகர்ச் சந்தையில் பாரை மீன் வாங்கப் போனபோது, மீன் வெட்டித் தந்த அம்மா என் வேலையைக் கேட்டறிந்து, தன் மகளும் அங்கேதான் என்றார். முகச்சாயலும் அதேதான்.

“கந்தோரிலையும் உப்பிடித்தானோ?” என்று கேட்டார். “ரெண்டு தேங்காய் வாங்கியா எண்டால், ரெண்டு தேங்காய் எண்டு சொல்லிப்போட்டுத்தான் படியிறங்குவாள். பூசையிலை சாமியார் சொல்லுறதையும் வாய்க்குள்ளை திருப்பிச் சொல்லுவாள்.”

குறை சொல்கிறாரா பெருமைப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மீனில் ஒரு துண்டு கூடுதலாகவே போட்டார்.

டவருக்குள் அவருக்கு முன்னால் இருந்தவை பெரிய கண்ணாடி யன்னல், ஒரு மைக், இரண்டு தொலைபேசிகள், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளத் துண்டுக் காகிதம், அவ்வளவுதான். திரையில் புள்ளியாகக் காட்டும் ராடார் எங்களிடம் இல்லை. மேகத்துக்குள் போன விமானம் எங்கே, எத்தனை அடியில் போகிறது என்பது அதன் விமானி சொன்னால்தான் தெரியும். இல்லையென்றால் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டாளர் தொலைபேசியில் சொல்லவேண்டும். அந்தப் பாதையில் வடக்கே போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், தெற்கே வருகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரங்கள். எதிரெதிரே போகிற இருவருக்கும் நடுவே ஆயிரம் அடி இருக்கவேண்டும். அந்த ஆயிரம் அடியை வானத்தில் யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. இரண்டு விமானிகளும் ஒரு கட்டுப்பாட்டாளரும் வாயால் சொல்லி, காதால் கேட்டு, சம்மதித்துக்கொண்டால்தான் அது இருக்கும்.

விமானி ஓர் உயரத்தைக் கேட்டால், கொடுக்கலாம் அல்லது முடியாது என்று சொல்லலாம். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் ஏன் என்று கேட்பார். மேகமா, குலுக்கலா, எரிபொருளா? சில விமானிகளுக்கு ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது, குரலில் தெரிந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று நானும் ஒருமுறை கேட்டேன்.

“காரணம் தெரிஞ்சால்தான் அண்ணை, அது ஏலாட்டி வேறை எதைக் குடுக்கலாமெண்டு எனக்குத் தெரியும்” என்றார். தன்னிடம் யாராவது ஓர் உயரத்தில் நிற்கவேண்டுமென்றால், எதற்காக நிற்கிறார் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுவார். சட்டப்படி அது தேவையில்லை. நேரமிருந்தால் சொல்வார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து பருத்தித்துறை ஆள் ஒருவர் சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். நுரையீரல் நோய். விமானம் உயரத்தில் பறந்தால் உள்ளேயும் காற்று மெலியும், ஆகையால் முடிந்தவரை தாழப் பறந்தால் நல்லது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தாராம். விமானி வழக்கமான பதினாறாயிரத்தை விட்டு எண்ணாயிரம் அடி கேட்டார். அந்த உயரத்தில் வேறொரு விமானத்துக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இவர் கடலுக்கு அந்தப் பக்கத்துக்கும், தெற்கேயிருந்த எங்கள் பெரிய நிலையத்துக்கும் மாறி மாறித் தொலைபேசி எடுத்தார். ஒவ்வொருவருக்கும் நோயாளியின் கதையை முதலிலிருந்து சொன்னார். கடைசியில் மற்ற விமானத்தின் விமானியே, தான் பத்தாயிரத்துக்கு ஏறிவிடுவதாகச் சொன்னார். நோயாளியைச் சக்கர நாற்காலியில் இறக்கியபோது அவருடைய மகன் டவர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டதை நான் கண்டேன். அதை டவரில் சொன்னபோது அவர், கும்பிடுவதென்றால் எண்ணெயைக் கூடுதலாக எரித்துக்கொண்டு தாழ வந்தவரையும், இடம் விட்டுக் கொடுத்தவரையும் கும்பிடட்டும் என்றார்.

இனி அந்த மழை நாள்.

கார்த்திகை மாதம். காலையிலிருந்தே வடகிழக்கு கறுத்துக் கிடந்தது. எங்கள் விமானம் மழை காரணமாகத் தாமதித்து, பின்னேரம்தான் பயணிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பியது. அதே நேரத்தில் வாடகை விமானம் ஒன்று சென்னையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. வானொலியில் கூப்பிடுகிற இலக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும், கடைசி எழுத்துத்தான் வேறு. உள் தொலைபேசி இரைச்சலாக இருந்ததால் நான் வானிலைக் குறிப்பைக் கடதாசியில் எழுதி எடுத்துக்கொண்டு டவருக்கு ஏறினேன். நனைந்த சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன், அவருடைய முதுகு அப்படி நிமிர்ந்திருந்தது.

வருகிற விமானம் பதினாறாயிரம் அடியில் மேகத்துக்குள் இருந்தது. இறக்கையில் பனி படிகிறது, உடனே கீழே இறங்கவேண்டும் என்றார் அதன் விமானி. எங்கள் ஊர் வெக்கையில் இருந்துகொண்டு நம்பக் கடினம், ஆனால் அந்த உயரத்தில் மழை மேகம் இறக்கையில் ஐஸாக ஒட்டும். ஒட்ட ஒட்டப் பாரம் கூடும், தூக்கும் சக்தி குறையும். அதே பாதையில் எதிரே, மேலே ஏறிக்கொண்டிருந்தது எங்கள் விமானம். இரண்டும் ஒன்றையொன்று தாண்டும்வரை ஒருவர் உயரத்தை மற்றவர் ஊடறுக்க முடியாது.

வானொலியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும் என்பது விதி. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் முதலில் ஏறுகிற விமானத்தை ஒன்பதாயிரத்தில் நிற்கச் சொன்னார். அதன் கப்டன் ஒன்பதாயிரம் என்று திருப்பிச் சொன்னார். பிறகு தொலைபேசியில் அந்தப் பக்கத்தோடு பேசி, வருகிறவரைப் பத்தாயிரத்துக்கு இறக்கச் சம்மதம் வாங்கினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அதற்குள் ஒன்பதாயிரத்தில் நின்ற கப்டன் கூப்பிட்டார். இங்கே குலுக்கல் மிக மோசம், பயணிகள் வாந்தியெடுக்கிறார்கள், எப்போது ஏறலாம்?

அவர் ஒரு கணம் பொறுத்தார்.

“உங்களுக்கு எதிரே ஒருவர் இறக்கையில் ஐஸோடு இறங்கி வருகிறார். அவருக்குப் பத்தாயிரம் வேண்டும். உங்களால் தாங்க முடியுமென்றால் அங்கேயே நில்லுங்கள். முடியாவிட்டால் சொல்லுங்கள், ஏழாயிரம் தருகிறேன்.”

“தாங்கிக்கொள்கிறோம்” என்றார் கப்டன். அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அவருடைய குரல் இரண்டு தடவை குலுங்கியது.

யன்னலில் மழை அறைந்தது. வெளியே ஓடுபாதையின் மறு முனைகூடத் தெரியவில்லை. இரண்டு விமானங்களிலும் சேர்த்து நூறு பேருக்குக் கிட்ட இருந்திருப்பார்கள். ஒருவரையும் காணாமல், வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்தபடி அவர் கதைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர் பத்தாயிரத்துக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது என்றும் சொன்னார். அவர் மைக்கை அழுத்தி, இலக்கத்தைச் சொல்லி, பத்தாயிரத்தில் இருங்கள் என்றார்.

பதில் வரவில்லை. இரண்டு வினாடி, மூன்று வினாடி. பிறகு வந்த குரல் ஒன்பதாயிரத்தில் நின்ற கப்டனுடையது.

“பத்தாயிரம் யாருக்கு? எங்களுக்கா? நாங்கள் ஒன்பதாயிரத்தில் இருக்கிறோம். மற்றவர் அல்லவா பத்தாயிரத்தில்?”

கடைசி எழுத்தை மாற்றி, வருகிறவரின் இலக்கத்துக்குப் பதிலாக ஏறுகிறவரின் இலக்கத்தை அவர் மைக்கில் சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன், எனக்குப் பிழை தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த அவருடைய உதவியாளருக்கும் தெரியவில்லை. மைக்குக்கு முன்னால் அவர் முகம் வெளிறிப்போனதை நான் பக்கவாட்டில் கண்டேன். குரல் மட்டும் மாறவில்லை.

“இல்லை. நீங்கள் ஒன்பதாயிரத்திலேயே இருங்கள். பத்தாயிரம் மற்றவருக்கு. பிழை என்னுடையது. கேட்டதற்கு நன்றி.”

கப்டன் ஒன்பதாயிரம் என்றார். மற்றவர் பத்தாயிரம் என்றார். சில நிமிடங்களில் இரண்டும் மேகத்துக்குள் ஒன்றையொன்று தாண்டிவிட்டதாக இரண்டு விமானிகளும் அறிவித்தார்கள். ஒருவர் மேலே ஏறினார், மற்றவர் எங்கள் மழைக்குள் இறங்கினார். வாடகை விமானத்தில் வந்தவர்கள் ஒரு கல்யாண வீட்டுக்காரர். குடை பிடித்துக்கொண்டு, நகைப் பெட்டியை மடியில் மறைத்துக்கொண்டு, மழையைத் திட்டியபடி ஓடினார்கள்.

கடமை முடிந்ததும் அவர் கீழே வந்து அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து, தன் மீதே எழுதத் தொடங்கினார். மேலதிகாரி நல்ல மனிதர். எழுதவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நடுவே இருந்த ஆயிரம் அடி குறையவில்லை, யாரும் முறையிடவில்லை, ஒலிப்பதிவை ஒருவரும் கேட்கப்போவதில்லை, எழுதினால் மைக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், பதவியுயர்வும் தள்ளிப்போகும் என்று விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு கணம் பொறுத்து, தொடர்ந்து எழுதினார்.

ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் நான் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லையே பிள்ளை, ஏன் உங்களுக்கு இந்த வேலை?

“அந்தக் கப்டன் கேட்டபடியால்தான் அண்ணை ஒண்டும் நடக்கேல்லை. என்ரை பிழையை நான் மறைச்சால், அவர் கேட்டதும் சேர்ந்து மறைஞ்சு போகும். நாளைக்கு இன்னொருத்தர் கேக்கோணுமோ விடோணுமோ எண்டு யோசிக்கேக்கை, கேள் எண்டு சொல்ல ஒரு கதை இருக்காது.”

மேலதிகாரி சொன்னபடியேதான் நடந்தது. அவரை மைக்கிலிருந்து எடுத்து, பறப்புத் திட்டங்களைப் பதிகிற கீழ் அறையில் போட்டார்கள். தண்டனை அல்ல, மறுபயிற்சிவரை ஓர் ஏற்பாடு என்றார்கள். வெளியில் கதை வேறுவிதமாகப் பரவியது. இரண்டு பிளேனை மோதவிடப் பார்த்தவள் என்று சந்தையிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவருடைய தாயார் அன்று மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு போய்விட்டாராம். இவர் மட்டும் வழக்கம்போல அரை மணித்தியாலம் முந்தியே வந்தார். கீழ் அறையிலும் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னார். பாணைச் சாப்பிட்டு முடிக்காமல் மடித்து வைத்துவிடுவதைச் சில நாட்களில் கண்டேன்.

இரண்டு கிழமை கழித்து, கீழ் அறைக்கு ஒரு கப்டன் வந்தார். வானிலைத் தாளைக் கொடுக்க நானும் அங்கே நின்றேன். நரைத்த மீசை, அக்கரைத் தமிழ். மழை நாளில் டவரில் இருந்தது யார் என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த அவர் எழுந்து நின்றார். கப்டன் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“மேடம், அன்னைக்கு என் கை உயரம் வைக்கிற குமிழைப் பத்தாயிரத்துக்குத் திருப்பி வச்சிருச்சு” என்றார் கப்டன். “ஏறுறதுக்கு இன்னொரு பட்டன்தான் பாக்கி. பின்னால அத்தனை பேர் கஷ்டப்படறாங்க, எப்படா மேல போவோம்னு இருந்தேன். நீங்க பத்தாயிரம்னதும் காதுக்கு அவ்வளவு இனிப்பா இருந்துச்சு.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“எதிர்ல ஒருத்தர் ஐஸோட வராருன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அது ஞாபகம் வந்துச்சு. வெறுமனே ஒன்பதாயிரத்துல நில்லுன்னு மட்டும் சொல்லியிருந்தா, நான் கேட்டிருக்க மாட்டேன். ஏறியிருப்பேன்.”

கப்டன் தானும் அறிக்கை எழுதியதாகச் சொன்னார். கை போனதையும், கை நின்றதையும், ஏன் நின்றது என்பதையும் எழுதியிருக்கிறார். தங்களுடைய பயிற்சி வகுப்பில் இப்போது அதை வாசிக்கிறார்களாம். இவருடைய மேலிடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

“அண்டைக்கு எத்தினை பேர் வாந்தியெடுத்தவை?” என்று அவர் கேட்டார்.

கப்டன் யோசித்து, பதினொரு பேர் என்றார். ஒரு சின்னப் பிள்ளையும் அதில்.

“பாவம் அதுகள்” என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவருடைய கண் கலங்கியதைக் கண்டேன். கப்டன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவருக்குக் கைகொடுத்துவிட்டு, அவசரமாக விமானத்துக்குப் போனார்.

இரண்டு மாதத்தில் அவர் பரீட்சையில் தேறித் திரும்பவும் டவருக்கு ஏறினார். அதன் பிறகு மூன்று வருடம் எங்களோடு இருந்தார். பிறகு தெற்கே, பெரிய நிலையத்துக்கு மாற்றலானார். தீவைச் சுற்றிக் கடலுக்கு மேலே போகிற விமானங்களையெல்லாம் அங்கேயிருந்துதான் பார்க்கிறார்கள். போகும் நாளில் விருந்து வேண்டாம் என்றுவிட்டார். எல்லோருக்கும் ஒரு பெட்டி கேக் வைத்துவிட்டு, ஸ்கூட்டரை லொறியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை.

நானும் ஓய்வு பெற்றேன். போன வருடம் மனைவியின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனோம். விமான நிலையத்திலேயே வாழ்நாள் போன எனக்கு அதுதான் முதல் பறப்பு. சுகமான கண் யன்னல் பக்கம் இருக்கட்டும் என்று மனைவியை அங்கே இருத்தினேன். வல்லைவெளியும், உப்பு நீரும், பிறகு கடலும் கீழே போயின. ஏறிக்கொண்டிருந்த விமானம் ஓர் இடத்தில் சமப்பட்டு, இயந்திரத்தின் சத்தம் தணிந்தது. பதினையாயிரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவி என் கையைப் பிடித்தாள். எதிர்த்திசையிலிருந்து, எங்களுக்குச் சற்று மேலே, ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. புள்ளியாகத் தெரிந்தது, இறக்கை முளைத்தது, வயிற்றின் வெள்ளையும் சுழலும் விசிறிகளும் தெரிந்தன. கண் இமைப்பதற்குள் எங்களுக்கு மேலே வந்து, பின்னால் போய்விட்டது. சத்தமே இல்லை. முன் ஆசனத்துக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“உதென்னப்பா, இவ்வளவு கிட்டப் போகுது?” என்றாள் மனைவி. “அவைக்கு எங்களைத் தெரியுமோ?”

“தெரியும்” என்றேன். “கதைச்சிருப்பினம்.”

வாயால் சொல்லிக் காதால் கேட்டு உண்டாக்கிய அந்த ஆயிரம் அடியை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. சென்னை வரும்வரை என் கையை விடவுமில்லை.